தம்பிக்கு கவுன்சிலிங்: காசுக்கு எங்க போறது?

"ரெண்டு மாசமா ஸ்கூல் போகலண்ணா, யார்கிட்டயும் பேசறதில்ல. கவுன்சிலிங் ஒரு சிட்டிங்குக்கு 1,500 ரூபாயாம்." பத்தாவது படிக்கிற தம்பியைப் பத்தி ஒரு க்ளையன்ட் சொன்னது. அவர் சம்பளம் 28,000.

முதல்ல 14416-க்கு போன் பண்ணுங்க. டெலி மானஸ், மத்திய அரசு சேவை. இலவசம், தமிழ்லயே பேசலாம்.

கம்பெனி இன்சூரன்ஸை ரொம்ப நம்பாதீங்க. 2017 மனநலச் சட்டப்படி மனநோய்க்கும் கவர் தரணும்தான். ஆனா குரூப் பாலிசியில தம்பி பெரும்பாலும் வரமாட்டான்; ஓ.பி.டி. கவர் இல்லாட்டி சிட்டிங் ஃபீஸும் கிடைக்காது. ஹெச்.ஆர்.கிட்ட இ.ஏ.பி. இருக்கான்னு கேளுங்க. சில கம்பெனியில வீட்டு ஆளுங்களுக்கும் இலவச கவுன்சிலிங் உண்டு.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா ஆர்.சி.ஐ. பதிவு எண் கேட்டுட்டு காசு கட்டுங்க. கேட்டா கோவிச்சுக்கற ஆள் வேண்டாம்.

மாசம் நாலு சிட்டிங், 6,000. எஸ்.ஐ.பி.யை நிறுத்தச் சொல்ற ஆள் இல்ல நான். அவர்கிட்ட சொன்னேன்.