மருத்துவிச்சியின் பையும் ஏ-9 வீதியும்

இலங்கையில் இன்று நிகழும் பேறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்டவை வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. வீட்டில் பிள்ளை பெறுவது என்பது, வாகனம் வந்து சேருமுன் நேரம் முந்திக்கொண்ட ஒருசில தாய்மாரின் அனுபவமாகச் சுருங்கிவிட்டது. ஆனால் வன்னிப் பெருநிலத்தில், அதாவது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்கள் அடங்கிய நிலப்பரப்பில், இந்த மாற்றம் ஒரே சீராக நிகழவில்லை. வைத்தியசாலைவரை சென்றிருந்த பிள்ளைப்பேறு, போர்க்காலத்தில், கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்து வன்னியூடாகச் செல்லும் ஏ-9 வீதி மூடப்பட்டதும் மீண்டும் வீட்டுக்கும், இடம்பெயர்ந்த பின் தறப்பாள் கொட்டிலுக்கும் திரும்பியது. வீட்டுப் பேறு எதனால் பாதுகாப்பாகிறது, எது இல்லாதபோது அது ஆபத்தாகிறது என்ற கேள்வியை ஆராய, விரும்பத்தகாத முறையிலேனும், வன்னியைப் போல் தெளிவான களம் வேறில்லை.

மருத்துவிச்சி என்ற சொல்லால் வன்னியில் இருவகைப் பெண்கள் குறிக்கப்பட்டனர். ஒருவர், தாயிடமோ மாமியிடமோ கைப்பழக்கமாகக் கற்றுக்கொண்ட ஊர் மருத்துவிச்சி. மற்றவர், பதினெட்டு மாதப் பயிற்சி பெற்று, ஏறத்தாழ மூவாயிரம் பேர் வாழும் ஒரு பிரிவுக்குப் பொறுப்பாக அரசால் நியமிக்கப்பட்டு, சனங்களால் ‘மிஸ்’ என்று அழைக்கப்படும் பொதுச் சுகாதார மருத்துவமாது. இந்த இரண்டாமவரின் வரலாறு நீண்டது. கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று இல்லம் 1879இல் திறக்கப்படுவதற்கு முன்னரே, யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசன் மருத்துவரான சாமுவேல் கிறீன் மகப்பேற்று மருத்துவ நூலொன்றை 1857இல் தமிழில் வெளியிட்டிருந்தார். 1926இல் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதார அலகு தொடங்கப்பட்டபோது, மருத்துவமாது வைத்தியசாலைச் சுவருக்கு வெளியே வந்து வீடு வீடாகச் செல்லும் முறை உருவானது. 1930களில் ஓர் இலட்சம் பேறுகளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்த நாட்டில், அதாவது ஐம்பது பேறுக்கு ஒரு தாய் என்ற நிலையிலிருந்த நாட்டில், அந்த எண்ணிக்கை இன்று முப்பது அளவுக்கு இறங்கியிருக்கிறது. இதில் கணிசமான பகுதி, பெரும்பாலான பெண்கள் வீட்டிலேயே பிள்ளை பெற்ற காலத்தில், வீட்டுக்கு வந்த பயிற்சி பெற்ற கைகளால் தொடங்கி வைக்கப்பட்டது என்பதை, வைத்தியசாலையின் வெற்றியை மட்டும் பேசுவோர் மறந்துவிடுகின்றனர்.

வீட்டுப் பேற்றுக்கான ஆயத்தம் வலி தொடங்கிய பின் தொடங்குவதன்று. கர்ப்பம் தெரிந்தவுடன் பெயரைப் பதிந்து கிளினிக் கொப்பியைத் திறக்கும் மருத்துவமாது, மாதந்தோறும் நிறை, குருதியமுக்கம், கருப்பையின் உயரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டே போவது, உண்மையில் ஒரு வடிகட்டலுக்காகும். குருதியமுக்கம் கூடி முகமும் கையும் வீங்கும் தாய், இரட்டைப் பிள்ளை சுமக்கும் தாய், முன்னர் வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுக்கப்பட்ட தாய், பிள்ளை குறுக்காகவோ கால் கீழாகவோ கிடக்கும் தாய் ஆகியோர் எந்த நிலையிலும் வீட்டில் பிள்ளை பெறக்கூடாதவர்கள். அவர்களை முன்கூட்டியே இனங்கண்டு விலக்குவதே மருத்துவமாதின் முதற் திறமை. ஆயினும் இந்த வடிகட்டலுக்கு ஓர் எல்லை உண்டு. எந்தக் குறையும் இல்லாத, கொப்பியின் பக்கங்கள் எல்லாம் சுத்தமாக இருக்கும் ஒரு தாய்க்கும் பிள்ளை பிறந்து பத்து நிமிடத்தில் குருதி பெருக்கெடுக்கலாம். அதை எந்தக் கிளினிக்காலும் முன்னறிந்து சொல்ல முடியாது.

மருத்துவிச்சியின் பைக்குள் இருந்த பொருள்கள் மிகச் சாதாரணமானவை: சவர்க்காரம், பொலித்தீன் விரிப்பு, உறை பிரிக்காத பிளேட், கொதிக்க வைத்த நூல், கையுறை, சுத்தமான துணி. கை, பேற்று வாய், படுக்கை, கொடியை வெட்டும் அலகு, கட்டும் நூல் ஆகியவை சுத்தமாக இருப்பதோடு அசுத்தமான எதுவும் உள்ளே செலுத்தப்படக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஆறு சுத்தங்களும் இந்தப் பொருள்களாலேயே நிறைவேறின. இவற்றின் பெறுமதி, கொப்பூழ்க்கொடியை வெட்டும் கணத்தில் விளங்கும். துருப்பிடித்த கத்தியாலோ மண் ஒட்டிய அலகாலோ கொடி வெட்டப்பட்டாலும், வெட்டிய இடத்தில் சாம்பலோ சாணமோ பூசப்பட்டாலும், மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கக்கூடிய ஏற்புவலிக் கிருமியின் வித்துகள், காற்றுப் படாத அந்தச் செத்த திசுவுக்குள் முளைத்து ஒரு நஞ்சைச் சுரக்கின்றன. தசையை இறுக்கும் நரம்புச் செய்திகளைத் தணிக்கும் வேதிப்பொருள்களை அந்த நஞ்சு தடுத்துவிடுவதால், தசைகள் இறுகியபடியே இருக்கின்றன. முதற் சில நாள் நன்றாகப் பால் குடித்த பிள்ளை, முதல் வாரத்தின் பிற்பகுதியில் வாய் பூட்டி, முதுகு வில்லாய் வளைந்து இறக்கிறது. கர்ப்பிணிக்கு ஏற்பு ஊசி போடுவது, தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்புப் புரதங்கள் நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குச் சென்று அதற்கு முதற் கவசமாகும் என்பதனாலேயே. இலங்கை உட்பட்ட தென்கிழக்கு ஆசியப் பிராந்தியத்தில் இந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது.

பேற்றின் போக்கைப் பொறுத்தவரை வீடு அப்படியொன்றும் பொருந்தாத இடமன்று. கருப்பைக் கழுத்து மெல்ல விரியும் முதற்கட்டத்தில், தாய் நடந்தும் குந்தியும் நிமிர்ந்தும் இருக்கும்போது, படுத்தே கிடப்பதைவிட அக்கட்டம் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் குறைகிறது என்பதைப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டியிருக்கிறது. முற்றத்தில் நடக்கவிட்டு, கயிற்றைப் பற்றிக் குந்தச் சொன்ன பழைய மருத்துவிச்சிகள் இதை அறிந்தே இருந்தனர் எனலாம். பிள்ளையின் தலை கீழிறங்கிக் கருப்பைக் கழுத்தை விரிக்கும்போது, அங்கிருந்து செல்லும் நரம்புச் செய்தி மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியிலிருந்து ஒக்ஸிடோசின் என்னும் இயக்குநீரைச் சுரக்கச் செய்ய, அது சுருக்கத்தைக் கூட்ட, கூடிய சுருக்கம் தலையை இன்னும் கீழே தள்ளுகிறது. தன்னைத் தானே வளர்க்கும் இந்தச் சுழற்சிக்கு வெளியிலிருந்து அவசரப்படுத்தல் தேவைப்படுவதில்லை. கழுத்து முழுதாக விரியுமுன் ‘முக்கு, முக்கு’ என்று தாயைக் களைக்க வைப்பதும், முதற்பாலை விலக்கிச் சீனித்தண்ணி பருக்குவதும் பழைய முறையின் பிழைகள். ஆனால் கொடித்துடிப்பு அடங்கும்வரை அதை வெட்டாமல் காத்திருந்த வழக்கத்தில் பழைய முறையே முந்தியிருந்தது. உடனே கவ்வி வெட்டும்படி நெடுங்காலம் கற்பித்த நவீன மருத்துவம், ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுத்தால் பிள்ளைக்குச் செல்லும் குருதி கூடி இரும்புச் சேமிப்பு மேம்படும் என்பதைக் கண்டு, பின்னர் தன் முறையை மாற்றிக்கொண்டது.

உண்மையான சோதனை பிள்ளை பிறந்த பின்னரே வருகிறது. நிறைமாதத்தில் ஒரு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லிலீற்றர் குருதி கருப்பைக்குள் பாய்கிறது. நச்சுக்கொடி கழன்றதும், அது ஒட்டியிருந்த இடத்தில் திறந்து கிடக்கும் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாகச் சூழ்ந்திருக்கும் தசைநார்கள் சுருங்கி நெரித்து மூடாவிட்டால், தாய் சில மணி நேரத்திலேயே, சில வேளை அதற்கும் முன்னரே, இறந்துபோகலாம். பிள்ளையை உடனே மார்பில் போடுவதும், அடிவயிற்றை உரோஞ்சி விடுவதும் சுருக்கத்துக்கு உதவுமெனினும், உறுதியான காப்பு, பிள்ளை பிறந்தவுடன் தொடையில் ஏற்றப்படும் பத்து அலகு ஒக்ஸிடோசின் ஊசியே. அந்த மருந்தோ 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்கப்பட வேண்டியது. மின்சாரம் இல்லாத, பகல் வெப்பம் முப்பது பாகையை எளிதில் தாண்டுகிற வன்னியில், ஒரு தாயின் உயிர் குளிர்ப்பெட்டியின் மண்ணெண்ணெயில் தங்கியிருந்தது என்று சொல்வது மிகையன்று. இதனுடன் மலேரியாவும் சேர்ந்துகொண்டது. 1999இல் நாட்டில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மலேரியாவுக்கு ஆளாகினர். போர் நடந்த வடக்கு, கிழக்கு மாகாணங்கள் அப்போது அதன் முக்கிய உறைவிடங்களாக இருந்தன. ஒட்டுண்ணி செங்குருதிக் கலங்களை உடைத்து ஏற்படுத்தும் குருதிச்சோகையோடு பேற்றுக்கு வரும் தாய், மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் அரை லீற்றர் இழப்பையும் தாங்க மாட்டாள். காய்ச்சலுக்கு எதிரான நுளம்பு வலையும் இரும்புச்சத்துக் குளிசையும் பேற்று ஆயத்தத்தின் பகுதிகளாக இருந்தமைக்குக் காரணம் இதுவே.

1997 ஒக்டோபரில், பாதுகாப்பான தாய்மை முயற்சியின் பத்தாண்டு நிறைவையொட்டி உலக வல்லுநர்கள் ஓரிடத்தில் கூடி, தாய் இறப்பைக் குறைப்பதற்கு மிக முக்கியமானது ஒவ்வொரு பேற்றிலும் பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருப்பதும், தேவைப்படும்போது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வழியிருப்பதுமே என்று வலியுறுத்தினர். கூட்டம் நடந்த இடம் கொழும்பு. இலங்கை அதற்கு முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் ஏ-9 வீதியைக் கைப்பற்றும் ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கி, வவுனியாவுக்கு வடக்கே அந்த வீதி போர்முனையாகியிருந்தது. அதற்கு முந்திய ஆண்டே கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்து, அதன் வைத்தியசாலை அக்கராயனில் இயங்கிற்று. எரிபொருளும் பற்றரியும் பல மருந்துகளும் தடைப்பட்டிருந்த நிலையில், இரவில் வலியெடுத்த தாய்க்கு உழவு இயந்திரப் பெட்டியோ லான்ட்மாஸ்டரோ மாட்டுவண்டியோ மிதிவண்டியோதான் வாகனம். போர் நடந்த மாகாணங்களில் வீட்டுப் பேறு நாட்டின் பிற பகுதிகளைவிடக் கூடுதலாக இருந்தது. ஆனால் 1987, 1993, 2000 ஆகிய ஆண்டுகளின் தேசிய குடிசனச் சுகாதார ஆய்வுகள் வடக்கையும் கிழக்கையும் உள்ளடக்கவில்லை, 2006-07 ஆய்வும் வடக்கை விட்டுவிட்டது. உலகுக்கு எடுத்துக்காட்டப்பட்ட அட்டவணைகள் பலவற்றில் வன்னித் தாய் எண்ணப்படவேயில்லை.

ஊர் மருத்துவிச்சிக்குப் பயிற்சியும் சுத்தப் பொதியும் கொடுத்தால், வைத்தியசாலை எட்டாத இந்த இடைவெளி நிரம்பிவிடுமா என்ற கேள்விக்குப் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து லர்கானாவில் நடந்து 2005இல் வெளியான ஆய்வு கூர்மையான விடை தருகிறது. பத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய அந்த ஆய்வில், பிறப்பையொட்டிய பிள்ளை இறப்பு ஏறத்தாழ முப்பது வீதம் குறைந்தது. தாய் இறப்பிலோ ஐயமின்றிச் சொல்லத்தக்க வீழ்ச்சி காணப்படவில்லை. சுத்தமான கை பிள்ளையைக் காப்பாற்றும். குருதி பெருகும் தாய்க்கு ஊசியும் குருதியும் சத்திரசிகிச்சைக் கூடமும் அவற்றுக்குச் செல்லும் வீதியும் வேண்டும். இங்கிலாந்தில் 2011இல் வெளியான பேற்றிடம் பற்றிய பேராய்வும் இதையே வேறுவிதமாகச் சொல்கிறது. ஆபத்துக் குறைந்த, ஏற்கெனவே பிள்ளை பெற்ற தாய்மாருக்கு வீட்டுப் பேறு வைத்தியசாலைப் பேற்றுக்கு ஈடாகவே இருந்தது. முதற் பேற்றுக்காரரில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பேர் இடைநடுவே வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டனர். அங்கு வீடு ஒரு தெரிவு, ஏனெனில் அழைத்தால் அம்புலன்ஸ் வந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டை மறந்து வன்னியின் வீட்டுப் பேற்றை இயற்கை வாழ்வின் அடையாளமாகப் போற்றுவது, அதை வேறு வழியின்றி அனுபவித்த பெண்களுக்குச் செய்யும் அநீதியாகும்.

போர் முடிவை நெருங்கிய 2009இன் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைத் தாக்குதலுக்குள்ளாகி, நோயாளர்கள் புதுமாத்தளனுக்கு நகர்ந்து, அங்கிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல்களில் ஏற்றப்பட்ட மாதங்களில், எந்தத் திட்டத்துக்கும் இடமிருக்கவில்லை. அதன் பின், இடம்பெயர்ந்தோர் தங்கவைக்கப்பட்ட மெனிக் பாம் முகாம், 2012 வரை, இன்னொரு வகைப் பேற்றுக் களமாயிற்று.

இன்று, வீட்டையும் வைத்தியசாலையையும் இணைக்கும் சங்கிலியின் அறுந்த கண்ணிகள் ஒவ்வொன்றாகப் பொருத்தப்பட்டிருக்கின்றன. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசரிய அம்புலன்ஸ் சேவை 2018 யூலையில் வட மாகாணத்துக்கு விரிந்தது. இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாகச் சான்றளிக்கப்பட்டது. கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் நெதர்லாந்து உதவியுடன் அமைந்த மகளிர் நலச் சிறப்பு நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. வீட்டில் எஞ்சியிருப்பது பேறல்ல, பேற்றுக்கு முன்னும் பின்னுமான பராமரிப்பு. பிள்ளை பிறந்த முதற் பத்து நாளுக்குள் இருமுறையும், நாற்பத்திரண்டாம் நாளையொட்டியும் மருத்துவமாது வாசலுக்கு வருகிறார்; நொச்சியும் ஆமணக்கும் அவித்து வேது வார்க்கும் பாட்டியைத் தடுக்காமல், வயிற்றில் கருப்பை இறங்கியிருக்கிறதா, துர்நாற்றமுள்ள கழிவு உண்டா, கொப்பூழ் காய்ந்ததா, பிள்ளை மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார்; பத்தியத்தின் பெயரால் தாயின் சாப்பாடு குறைக்கப்படுகிறதா என்பதையும் கேட்டறிகிறார். வைத்தியசாலைக்குப் போனதால் தாய் இழந்த ஒன்று இன்னும் முழுதாக மீளவில்லை. பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட இருபத்தாறு ஆய்வுகளின் 2017ஆம் ஆண்டுத் தொகுப்பு, பேற்றின்போது ஒருவர் இடைவிடாது உடனிருந்தால் சத்திரசிகிச்சைப் பேறு குறைந்து, வலியின் நேரமும் குறைகிறது எனக் காட்டியது. வீட்டில் தாயோ மாமியோ இயல்பாக வகித்த அந்த இடம், நெரிசலான பிரசவ விடுதியில் பல வேளை வெறுமையாகவே இருக்கிறது.

துணுக்காய், ஒட்டுசுட்டான், பூநகரி போன்ற பகுதிகளின் உட்கிராமங்களில் மாரிவெள்ளம் பாதையை மூடும் மாதங்களில் பேற்றுத் திகதி விழும் தாய்க்கு, மருத்துவமாது இன்றும் சவர்க்காரத்துக்கும் துணிக்கும் மேலாகக் கேட்டு வைக்கும் விடயங்கள் மூன்று: இரவில் ஓடக்கூடிய வாகனம் யாருடையது, குருதி கொடுக்கக்கூடியவர்கள் யார், வெள்ளம் வருமுன் வைத்தியசாலைக்கு அண்மையில் தங்குவதற்கு எந்த உறவினர் வீடு இருக்கிறது.