புது டிவி பழகப் பழகத் தெளியுமா?

வாங்கி ஒரு வாரம் ஆனதும் "இப்போதுதான் படம் நன்றாகத் தெரிகிறது" என்பார்கள். பெரும்பாலும் மாறியது திரையல்ல, நம் கண். எது வெள்ளை என்பதை மூளை சூழலுக்கேற்ப மாற்றிக்கொள்கிறது. நீலம் தூக்கலான திரைகூடச் சில நாளில் இயல்பாகிவிடும்.

எல்சிடி திரைக்குப் பின்னால் எரியும் எல்இடி விளக்குகள் உழைக்க உழைக்க மங்கத்தான் செய்யும், மிக மெதுவாக. பழைய பிளாஸ்மா டிவியின் கதை வேறு. அதன் பாஸ்பர் பூச்சு தொடக்கத்தில் வேகமாகத் தேய்ந்து, பிறகு நிதானப்படும். அதனால் 100 மணி நேரமாவது ஓடவிட்டு, அப்புறமே நிறத்தைச் சீரமைப்பார்கள். 'பழகட்டும்' என்ற பேச்சு அங்கிருந்து ஒட்டிக்கொண்டதாகவே எனக்குத் தோன்றுகிறது.

ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால், தேய்மானம் சமமாக இருக்காது. பல மாடல்கள் சுமார் 4 மணி நேரம் ஓடியபின், ரிமோட்டில் அணைத்ததும் அதை அளந்து சரிசெய்துகொள்ளும். தயவுசெய்து உடனே சுவர் சுவிட்சை அணைத்துவிடாதீர்கள்.

படம் இன்றே மேம்பட வேண்டுமா? கடை வெளிச்சத்துக்கென்றே அமைந்த 'விவிட்' முறையிலிருந்து 'சினிமா' முறைக்கு மாற்றுங்கள். முதலில் மஞ்சள் பூத்ததுபோல் இருக்கும். இரண்டு நாள் பொறுங்கள்.