செயலி போனாலும் தங்கிவிடும் கோப்புகள்

வாடகை வீட்டைக் காலி செய்யும்போது, சாவியை ஒப்படைக்கும் முன் பரண், அலமாரி, மாடம் என ஒவ்வொன்றையும் ஒருமுறை பார்த்துவிடுகிறோம். கைப்பேசியிலிருந்தோ கணினியிலிருந்தோ ஒரு மென்பொருளை நீக்கும்போது மட்டும் அப்பழக்கத்தை மறந்துவிடுகிறோம். திரையில் சின்னம் மறைந்ததும் அதனுடன் எல்லாம் அழிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம்.

உண்மை அதுவன்று. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஒவ்வொரு செயலிக்கும் தனியிடம் ஒன்று உண்டு. செயலியை நீக்கினால் அவ்விடம் துடைக்கப்படும். ஆனால், நாம் பதிவிறக்கிய கணக்கு அறிக்கையும் வட்டிச் சான்றிதழும் பெரும்பாலும் 'டவுன்லோட்ஸ்' என்னும் பொதுக் கோப்புறையில் சேர்கின்றன. செயலி போன பின்னும் அவை அங்கேயே இருக்கும். ஐபோனில் 'ஆஃப்லோட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் செயலி மட்டுமே நீங்கும். அதன் ஆவணங்களும் தரவுகளும் தங்கிவிடும்.

பழைய கைப்பேசியை விற்கும்போதும் உறவினருக்குக் கொடுக்கும்போதும் இதன் ஆபத்து புரியும். ஓர் அறிக்கையில் நம் பெயர், முகவரி, கணக்கு எண், ஊதியம் வரவாகும் நாள் அனைத்தும் இருக்கின்றன. இவற்றைச் சரியாகச் சொல்லி ஒருவர் தொலைபேசியில் பேசினால், அவர் வங்கி அலுவலர்தாம் என்று நம்பிவிடுவது எளிது.

கோப்புகள் மட்டுமன்று, நாம் கொடுத்த ஒப்புதல்களும் எஞ்சி நிற்கின்றன. மாதச் சந்தாவுக்காக யுபிஐ வழியே அளித்த தானியங்கிப் பற்று ஆணை, செயலியை நீக்குவதால் ரத்தாகாது. எனவே முதலில் செயலிக்குள் சென்று தேவையற்ற ஆணைகளை ரத்து செய்வோம். பயன்படுத்தாத யுபிஐ முகவரியை நீக்குவோம். அதன் பின்னரே செயலியை அகற்றுவோம்.

கணினியில் நிலைமை சற்று வேறு. விண்டோஸில் மென்பொருளை முறைப்படி நீக்கிய பின்னும், 'ஆப்டேட்டா' என்னும் மறைந்த கோப்புறையில் அதன் அமைப்புகளும் தற்காலிகக் கோப்புகளும் எஞ்சியிருப்பதுண்டு. இது எப்போதும் பிழையன்று. மீண்டும் நிறுவினால் பழைய அமைப்புகள் கிடைக்கட்டும் என்றே பல மென்பொருள்கள் அவற்றை விட்டுவைக்கின்றன. மென்பொருளின் பெயரில் உள்ள கோப்புறையை அடையாளம் கண்டு நீக்கலாம். 'ரெஜிஸ்ட்ரி' பகுதியில் கைவைப்பதையும், அதைத் தூய்மை செய்வதாகக் கூறும் முன்பின் அறியாத இலவச மென்பொருள்களை நாடுவதையும் தவிர்ப்பது நலம்.

எஞ்சியவை எல்லாம் குப்பையுமல்ல. கடைக் கணக்கு எழுதும் மென்பொருளை மாற்றும் வணிகர், பழைய தரவுக் கோப்புறையை அவசரப்பட்டு அழித்துவிடக் கூடாது. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டப்படி, பதிவு பெற்ற வணிகர் தம் கணக்கேடுகளை, அவ்வாண்டின் ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டிய இறுதி நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். மென்பொருள் இன்றிக் கோப்பு மட்டும் இருந்தால் அதைத் திறக்க இயலாமலும் போகலாம். எனவே நீக்கும் முன்பே பேரேடுகளையும் விலைப்பட்டியல்களையும் பிடிஎஃப் அல்லது எக்செல் வடிவில் எடுத்து, வேறொரு வன்தட்டில் சேமிப்போம்.

ஆக, வரிசை இதுதான்: வேண்டியதைப் படியெடுத்தல், ஒப்புதல்களை ரத்து செய்தல், மென்பொருளை நீக்குதல், எஞ்சிய கோப்புகளை அழித்தல், இறுதியாக 'ரீசைக்கிள் பின்' அல்லது 'டிராஷ்' பகுதியைக் காலி செய்தல். கைப்பேசி கைமாறுவதாக இருந்தால், கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, 'ஃபேக்டரி ரீசெட்' செய்து கொடுப்போம்.

இத்தனைக்குப் பின்னும் நாம் அறியாத பற்று ஏதேனும் கணக்கில் தென்பட்டால், உடனே வங்கிக்குத் தெரிவிப்போம். பணம் மோசடியால் பறிபோயிருந்தால் 1930 என்னும் தேசிய உதவி எண்ணையும் தாமதமின்றி அழைப்போம்.