எந்தக் கரைக்குப் போவது?

2022ஆம் ஆண்டின் நடுவில் ஒரு நாள், வடசென்னைப் புழல் காவாங்கரையில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஜெராக்ஸ் கடையொன்றில், என் அண்டைவீட்டுக்காரர் தம் கொரோனாத் தடுப்பூசிச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் அருகருகே விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர் அவர். "ரெண்டும் நான்தான் சார். ஆனா பேரப் பாத்தா ரெண்டு ஆளு மாதிரி இருக்குது" என்றார். ஆதார் அட்டையைக் காட்டி ஊசி போட்டுக்கொண்டபடியால் சான்றிதழில் இனிஷியல் பெயருக்கு முன்னே நின்றது. பாஸ்போர்ட்டிலோ அந்த ஒற்றை எழுத்தே தகப்பனாரின் முழுப்பெயராக விரிந்து பின்னால் வந்திருந்தது. தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளத்திலேயே பெயரைத் திருத்தவும் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்கவும் வழியுண்டு என்று கடைக்காரப் பையன் சொன்ன பிறகே அவர் முகம் தெளிந்தது. இனிஷியலோடு பிறந்த தமிழர் எவரும், விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே, இந்த இரண்டு காகிதங்களையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டிய காலம் அது.

2020 மார்ச்சில் நின்றுபோன நம் நாட்டின் சர்வதேச விமானப் போக்குவரத்து, இடையில் சில நாடுகளோடு செய்துகொண்ட தனி ஏற்பாடுகளால் அரைகுறையாக நடந்து, இரண்டாண்டுகள் கழித்து 2022 மார்ச் 27ஆம் தேதிதான் பழையபடி முழுமையாகத் தொடங்கிற்று. அன்று முதல் எங்கள் பக்கத்து மனிதர்களும் தாய்லாந்து, துபாய், மாலத்தீவு என்று விளம்பரத் தாள்களைப் புரட்டத் தொடங்கினார்கள். எந்த ஊர் அழகு, எந்த ஊர் மலிவு என்பவையே முன்பெல்லாம் இவ்விஷயத்தில் கேட்கத்தக்க கேள்விகளாக இருந்தன. அந்த ஆண்டு அவற்றுக்கு முன்னே வேறொரு கேள்வி வந்து நின்றது: நாம் அங்கே இருக்கையில் கதவு மறுபடியும் அடைபட்டால், யார் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவோம்?

இது வீண் பயமன்று. 2020ஆம் ஆண்டு அந்நிய தேசங்களில் அகப்பட்டுக்கொண்டவர்களை அழைத்து வர அரசாங்கம் விமானங்களை மட்டுமன்றிப் போர்க்கப்பலையும் அனுப்ப நேர்ந்தது. கொழும்பில் தவித்திருந்த நம்மவர்களில் 700க்குச் சற்றுக் குறைவானோர் ஜூன் மாதத் தொடக்கத்தில் ஐ.என்.எஸ். ஜலஷ்வா என்னும் கடற்படைக் கப்பலில் தூத்துக்குடி வந்து இறங்கினார்கள்.

கிருமிக்கு அஞ்சிக் கதவடைப்பது நம்மவருக்குப் புதிதுமன்று. இந்த அண்டைவீட்டு நண்பரின் தகப்பனார் சிங்கப்பூர் போனது ரஜுலா என்னும் கப்பலில். 1926இல் கட்டப்பட்டுச் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே தலைமுறை தலைமுறையாகத் தமிழரைச் சுமந்த அந்தக் கப்பலின் தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்களை, அக்கரையில் நேரே ஊருக்குள் விட்டுவிடவில்லை. சிங்கப்பூருக்குத் தெற்கே 1874 முதல் காலராவுக்கும் அம்மைக்கும் காவலாக நின்ற செயின்ட் ஜான்ஸ் தீவும், பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவும் அவர்களில் எத்தனையோ பேரை நிறுத்திவைத்துச் சோதித்து அனுப்பின. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலி ஜனங்களோ கடலில் கால் வைப்பதற்கு முன்பே, நம் கரையில், இராமநாதபுரம் மண்டபம் முகாமில் தங்கி வைத்திய பரிசோதனைக்கு உட்பட வேண்டியிருந்தது. ஆகவே, நம் கையிலிருந்த சான்றிதழ் பாட்டன்மார் பட்ட அவதியின் சௌகரியமான வடிவம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதைச் சலித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் சான்றிதழ் இருந்தால் மட்டும் போதவில்லை. எதிர்த்தரப்பு அதை ஒப்புக்கொள்ளவும் வேண்டியிருந்தது. கோவாக்சின் போட்டுக்கொண்டவர்கள், உலக சுகாதார நிறுவனம் அதனை 2021 நவம்பர் 3ஆம் தேதி அங்கீகரிக்கும் வரையில், பல நாடுகளின் வாசலில் ஊசியே போடாதவர்களைப் போல நடத்தப்பட்டார்கள். கோவிஷீல்டு போட்டவர்களுக்கும் பிரிட்டன் அதே ஆண்டு அக்டோபரில் சில நாள் முகம் சுளித்தது. நம் அரசாங்கம் பதிலுக்குப் பத்து நாள் தனிமை விதித்த பிறகுதான் அது இறங்கி வந்தது.

இவற்றையெல்லாம் எடைபோட்டுப் பார்க்கையில், வடசென்னையிலிருந்து முதன்முறை வெளியே போகிற ஒரு சாமானியக் குடும்பத்துக்குச் சிங்கப்பூரும் மலேசியாவுமே உத்தமம் என்பது அப்போது என் தீர்மானம். இரண்டும் முழுமையாகத் தடுப்பூசி போட்டவர்களுக்கு 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து திறந்துவிட்டிருந்தன. புறப்படுவதற்கு முன் செய்துகொள்ள வேண்டியிருந்த பரிசோதனையையும் சிங்கப்பூர் ஏப்ரல் கடைசியிலும் மலேசியா மே முதல் தேதியிலும் நீக்கிவிட்டன. நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பறத்தல். இறங்கினால் தமிழில் மருந்து கேட்கலாம். தேடினால் ஒரு சித்தப்பா மகனாவது அகப்படுவான். விசா மட்டும் அப்போது முன்கூட்டி வாங்கிவிட வேண்டியிருந்தது. தாய்லாந்தும் மே மாதம் முதல் பரிசோதனையை விட்டுவிட்டது, எனினும் 10,000 டாலருக்குக் காப்பீடு கேட்டது. மாலத்தீவு அழகுதான், ஆனால் நோயில் விழுந்தால் தீவு விடுதியின் நாள் வாடகையே ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் கரைத்துவிடும். எங்கே போனாலும், தேதி மாற்றத்தக்க சீட்டையும் கொரோனாவுக்கான வைத்தியச் செலவைத் தாங்கும் காப்பீட்டையும் வாங்குங்கள். அதில் மிச்சம்பிடிக்கும் ஆயிரம் ரூபாய் மிச்சமாகாது.

இலங்கையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் புழல்வாசியாகிய நான் பெருந்தவறு செய்தவனாவேன். ஜெராக்ஸ் கடையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அந்த நாட்டிலிருந்து அகதிகளாக வந்தவர்களின் முகாம் இருக்கிறது. 2021 முதல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றம் பெற்றிருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு யாழ்ப்பாணம் என்பது விட்டு வந்த வீடு. விடுமுறைக்குப் போகும் ஊராக அதை நினைக்க அவர்களால் எப்படி முடியும்? 2019 நவம்பரில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம் பறக்கத் தொடங்கியபோது அவர்களில் சிலர் கண்ணில் ஓர் ஒளி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். நான்கே மாதத்தில் கொரோனா அதை நிறுத்திற்று. மற்ற வழிகளெல்லாம் திறந்த பின்னும் 2022 நடுப்பகுதி வரை அந்த வழி திறக்கவில்லை. இதற்கிடையே கடன் சுமையில் அந்நாடே தள்ளாடியது. பெட்ரோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் ஜனங்கள் இரவுபகலாக வரிசையில் நின்றார்கள். 2022 மார்ச் முதல் பசிக்கு அஞ்சிப் படகேறித் தனுஷ்கோடியில் இறங்கியவர்களை அதே மண்டபத்தில்தான் தங்கவைத்தார்கள். அக்கரைக்குப் போகிறவர்களைச் சோதித்த இடம் அங்கிருந்து வந்தவர்களுக்கு நிழலாகிவிட்டது. அதே ஆண்டு மே 18ஆம் தேதி, என் நண்பர் ஆயுள் முழுதும் உழைத்த அதே சென்னைத் துறைமுகத்திலிருந்து, அரிசியும் பால்மாவும் மருந்தும் ஏற்றிய கப்பலைத் தமிழக அரசு கொழும்புக்கு அனுப்பியது.

வரிசையில் நின்ற ஒரு தாயின் பங்கு எரிபொருளில் நாம் சிகிரியா பார்க்கப் போவது அப்போது தருமமாகப் படவில்லை. ஆனால் அந்நாடு கொஞ்சம் நிமிர்ந்து, பலாலி விமானம் மறுபடி பறக்கத் தொடங்கியதும், நம்முடைய முதல் விடுமுறைப் பணம் அங்கே போக வேண்டும்; பெரிய விடுதிகளைத் தவிர்த்து, வீட்டோடு அறை வாடகைக்கு விடும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களிடம் போக வேண்டும் என்று நினைத்தேன்.

நண்பர், சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்கே போவதென்று முடிவு செய்துவிட்டார். "எங்கப்பா போயி எறங்குன கரைய ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன் சார்" என்றார். அந்தச் செப்டம்பருக்குச் சீட்டு வாங்கினார். பெயர் திருத்திய சான்றிதழும் கிடைத்தது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை என்னிடம் கொடுத்து வைத்தார்.