சோம்பலன்று, சுரப்பிக் காய்ச்சல்

தொண்டை நோவுடன் படுக்கையில் விழுந்த மாணவனுக்குப் பத்து நாளில் காய்ச்சல் தணிகிறது. ஆயினும் புத்தகத்தைத் திறந்தால் கண் சொருகுகிறது. படியேறினால் கால் தளர்கிறது. பரீட்சையோ நெருங்குகிறது. "காய்ச்சல் விட்டபின்னும் என்ன சோம்பல்?" என்று பெற்றோர் கடிந்துகொள்கின்றனர். அவன்மீது சுமத்தப்படும் இக்குற்றம் நியாயமானதா என்பதை நாம் சற்று ஆராய்தல் நன்று.

இளம் பருவத்தினரைப் பெரிதும் பற்றும் இந்நோயை 1889ஆம் ஆண்டில் ஜேர்மனிய வைத்தியர் எமில் பைஃபர் "சுரப்பிக் காய்ச்சல்" என வருணித்தார். வைத்திய நூல்கள் இதனை இன்ஃபெக்சியஸ் மொனோநியூக்கிளியோசிஸ் என்கின்றன. 1964இல் கண்டறியப்பட்ட எப்ஸ்டீன்-பார் வைரஸே இதற்குப் பெரும்பாலும் காரணம் என்பதை 1968இல் பிலடெல்பியாவில் ஹென்லே தம்பதியினர் எடுத்துக்காட்டினர். அவர்களுடைய ஆய்வுகூட ஊழியர் ஒருவர் இந்நோயுற்றமையே அதற்கு வழிகாட்டிற்று.

இவ்வைரஸ் எச்சில் வழியே பரவுவது. குழந்தைப் பருவத்தில் தொற்றினால் பெரும்பாலும் அறிகுறியின்றியே போய்விடும். பதின்ம வயதிற் தொற்றினாலோ, நான்கு முதல் ஆறு வாரங்களின் பின் காய்ச்சல், கடுந் தொண்டை நோவு, கழுத்தில் நெறிகட்டுதல், மிகுந்த களைப்பு என வெளிப்படும். நம் நாட்டில் காய்ச்சலென்றால் டெங்குவையும் எண்ண வேண்டியிருப்பதால், தாமே நோயை முடிவுசெய்யாது வைத்தியரிடம் சென்று இரத்தப் பரிசோதனை செய்வித்தல் அவசியம்.

பக்டீரியாக்களை அழிக்கும் அன்டிபயோட்டிக் மருந்துகள் இவ்வைரஸை ஒன்றும் செய்யா. மிஞ்சிய அமொக்சிசிலினை வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தால் உடலெங்கும் செந்தடிப்பு எழவுங் கூடும். ஓய்வு, போதிய நீராகாரம், வைத்தியர் கூறும் அளவிற் பரசிட்டமோல் ஆகியனவே துணை. பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுத்தலாகாது. நோயாளியின் கோப்பையையும் கரண்டியையும் பிறர் பகிராதிருத்தல் வேண்டும்.

முக்கியமானதொன்று உண்டு. இந்நோயில் மண்ணீரல் வீங்குவது சாதாரணம். அரிதாயினும் அது வெடித்தல் உயிராபத்தாகும். ஆதலின் குறைந்தது மூன்று, நான்கு வாரங்களுக்கேனும், வைத்தியர் அனுமதிக்கும்வரை, உதைபந்தாட்டமும் பாரம் தூக்குதலும் வேண்டா. வயிற்றின் இடப்பக்க மேற்பகுதியிற் திடீரென வலி எழுந்தாலோ, மூச்சுவிடவோ விழுங்கவோ முடியாதுபோனாலோ, தாமதியாது ஆஸ்பத்திரிக்கு விரைக.

பெரும்பாலோர் இரண்டு முதல் நான்கு வாரங்களிற் தேறுவர். சிலருக்குக் களைப்பு மட்டும் மாதக்கணக்கில் நீடிக்கும். அத்தகையோர் முதலிற் சிறிது நேரம் படித்து, சிறிது தூரம் நடந்து, உடல் இடங்கொடுக்கும் அளவிற்கேற்பப் படிப்படியாகப் பழைய வாழ்வுக்குத் திரும்புதல் வேண்டும். வகுப்பாசிரியருக்கும் நிலைமையை அறிவித்தல் நலம்.

தவறவிட்ட பாடத்தைப் பின்னர் படித்துக்கொள்ளலாம். தவறவிட்ட பரீட்சையையும் மறுமுறை எழுதலாம். நோயிலிருந்து மீளும் பிள்ளைக்கு இன்று தேவை கடுஞ்சொல் அன்று. சில நாள் அமைதியும், பெற்றோரின் பொறுமையுமே.