தொண்ணூற்றில் உதறும் ஸ்டியரிங்

காரில் புதிதாக 17 அங்குல அலாய் வீல் மாட்டியாகிவிட்டது. நகருக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் தெரிவதில்லை. நெடுஞ்சாலையில் ஏறி மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டியதும் ஸ்டியரிங் இடமும் வலமுமாக உதறத் தொடங்குகிறது. 90இல் உச்சத்துக்குப் போகிறது. 100ஐ நெருங்கும்போது பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. டயர் கடையில் பேலன்சிங் செய்கிறார்கள். எந்திரத்தின் திரை இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டுகிறது. வீடு திரும்பும் வழியிலேயே உதறலும் திரும்பிவிடுகிறது.

சக்கரம் மாற்றிய பலர் இந்தத் தொல்லையை அறிவார்கள். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. ஏன் அந்த வேகத்தில் மட்டும் உதறுகிறது? பூஜ்யம் காட்டிய சக்கரம் ஏன் உதறுகிறது? பழைய சக்கரத்தில் இல்லாதது பெரிய சக்கரத்தில் எப்படி வந்தது?

நொடிக்குப் பதின்மூன்று சுற்று

டயரின் பக்கவாட்டில் 205/45 ஆர்17 என்று எழுதியிருந்தால், அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 45 விழுக்காடு, ரிம்மின் விட்டம் 17 அங்குலம். இதிலிருந்து டயரின் மொத்த விட்டம் 616 மில்லிமீட்டர் என்றும், சுற்றளவு 1.94 மீட்டர் என்றும் கணக்கிடலாம். மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 25 மீட்டர். ஆகவே சக்கரம் நொடிக்குக் கிட்டத்தட்ட 13 முறை சுழல்கிறது. சக்கரத்தில் உள்ள எந்தக் குறையும் நொடிக்கு 13 முறை காரைத் தட்டும்.

காரின் சக்கரம் இரண்டு ஸ்பிரிங்குகளுக்கு நடுவே இருக்கிறது. மேலே சஸ்பென்ஷனின் சுருள் ஸ்பிரிங். கீழே காற்றடைத்த டயரே ஒரு ஸ்பிரிங். இப்படி நடுவில் மாட்டிய எந்தப் பொருளுக்கும் தனக்கே உரிய ஓர் ஆட்ட வேகம் உண்டு. சக்கரம், அதை மாட்டும் ஹப், பிரேக் ஆகியவற்றின் எடையையும் இரண்டு ஸ்பிரிங்குகளின் விறைப்பையும் வைத்துக் கணக்கிட்டால், பெரும்பாலான கார்களில் அது நொடிக்கு 10 முதல் 15 வரை வருகிறது. 90இல் சக்கரம் தரும் தட்டலும் நொடிக்கு 13. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் சிறு விசைகூடப் பெரிய ஆட்டத்தை எழுப்புகிறது. இதுதான் ஒத்ததிர்வு. அந்த வேகத்தைக் கடந்தபின் தட்டும் விசை கூடிக்கொண்டே போனாலும் சக்கரத்தின் ஆட்டம் அதற்கு ஈடுகொடுப்பதில்லை. அதனால்தான் 100இல் ஸ்டியரிங் அமைதியாகிறது.

இன்னொரு பொருத்தமும் இதில் சேர்கிறது. கைக்கு வரும் அதிர்வை மதிப்பிட உதவும் ஐஎஸ்ஓ 5349 தரநிலை, நொடிக்கு 8 முதல் 16 வரையிலான அதிர்வுக்கே மிக அதிக மதிப்பு தருகிறது. சக்கரம் சுழலும் வேகம், சஸ்பென்ஷனின் இயல்பு, கையின் கூருணர்வு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் வந்து குவிகின்றன.

இருபது கிராம் என்ன செய்யும்?

ரிம்மின் விளிம்பில் ஒரு பக்கம் 20 கிராம் கூடுதலாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். 90 கிலோமீட்டர் வேகத்தில் அது சக்கரத்தை வெளிப்பக்கமாக இழுக்கும் விசை ஏறத்தாழ 3 கிலோ எடைக்குச் சமம். அந்த இழுப்பு நொடிக்கு 13 முறை திசை சுற்றி வருகிறது. விசை வேகத்தின் இருமடியில் வளர்வதால் 45 கிலோமீட்டரில் அதன் அளவு நாலில் ஒரு பங்குதான். நகருக்குள் குறை தெரியாததற்கு இதுவும் காரணம்.

இந்தக் கூடுதல் எடையைக் கண்டுபிடித்து எதிர்ப்பக்கம் ஈடுகட்டுவதுதான் வீல் பேலன்சிங். சக்கரத்துக்கு அகலம் உண்டு என்பதால் எடை உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் தனித்தனியே சரியாக வேண்டும். வெளியே மட்டும் வெயிட் ஒட்டினால் சக்கரம் மேலும் கீழும் குதிப்பது நிற்கலாம். பக்கவாட்டில் தலையாட்டுவது நிற்காது.

அலைன்மென்ட் வேறு வேலை. சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதை அது திருத்துகிறது. கோணம் தவறினால் கார் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒருபுறமாகத் தேயும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தோன்றி மறையும் உதறலுக்கு அலைன்மென்ட்டில் மருந்து கிடைப்பது அரிது.

எந்திரத்துக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள்

பேலன்சிங் எந்திரத்தில் சக்கரத்தை ஒரு கூம்பு நடுவில் பிடித்துக்கொள்கிறது. காரில் அந்தக் கூம்பு கிடையாது. கம்பெனி சக்கரத்தின் நடுத்துளை ஹப்பின் விளிம்பில் இடைவெளியின்றி உட்காரும். மையத்தைக் காப்பது அந்த விளிம்புதான். வெளியே வாங்கும் அலாய் வீல் பல கார்களுக்குப் பொருந்த வேண்டும். நான்கு போல்ட், 100 மில்லிமீட்டர் பிசிடி (போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) உள்ள ஹூண்டாய், மாருதி கார்கள் பலவற்றில் ஹப்பின் அளவு 54.1 மில்லிமீட்டர்; ஹோண்டா கார்களில் 56.1. எல்லாவற்றிலும் ஏற வேண்டும் என்பதற்காக 67.1, 73.1 என்று பெரிய துளையோடு வீல்கள் வருகின்றன. 56.1 ஹப்பில் 73.1 துளை ஏறினால் சுற்றிலும் 8.5 மில்லிமீட்டர் இடைவெளி. மையத்தைக் காக்கும் பொறுப்பு முழுவதும் நட்டுகளின் தலையில் விழுகிறது. ஒரு நட்டை முதலிலேயே ஏர் கன்னால் முழுதாக முடுக்கிவிட்டால் சக்கரம் அந்தப் பக்கம் ஒதுங்கி அங்கேயே நின்றுவிடுகிறது.

அரை மில்லிமீட்டர் ஒதுங்கினால் என்ன ஆகும்? டயரோடு சேர்த்துச் சக்கரத்தின் எடை 20 கிலோ என்றால், அது ரிம்மின் விளிம்பில் 46 கிராம் வெயிட்டை ஒட்டியதற்குச் சமம். கடையின் திரை காட்டிய பூஜ்யம் பொய்யல்ல. அது எந்திரத்தின் மையத்துக்கான பூஜ்யம். காரில் ஏறியபின் மையமே வேறாகிவிட்டது. இதற்கு மருந்து ஹப் ரிங். துளைக்கும் ஹப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைக்கும் எளிய வளையம் அது. பிளாஸ்டிக்கிலோ அலுமினியத்திலோ கிடைக்கிறது.

நட்டின் அடிப்பகுதியையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். ஹோண்டாவின் கம்பெனி நட்டுகள் உருண்ட அடி கொண்டவை. வெளிச்சந்தை அலாய் வீல்கள் பெரும்பாலும் கூம்பு வடிவ நட்டைக் கேட்பவை. உருண்ட நட்டைக் கூம்புக் குழியில் முடுக்கினால் மெல்லிய ஒரு வளையக் கோட்டில் மட்டுமே அது தொடும். மையம் கெடுவதோடு நட்டு தளர்ந்துபோகும் ஆபத்தும் உண்டு. இது உயிர் சம்பந்தப்பட்டது.

எந்திரம் அறியாத இரண்டாவது விஷயம் வட்டம். சாதாரண பேலன்சிங் எந்திரம் சக்கரத்தை அந்தரத்தில் சுழற்றி எடையை மட்டும் அளக்கிறது. எடை சமமாக இருந்தும் வட்டம் பிசகிய சக்கரம் இருக்க முடியும். கார் டயரை ஒரு மில்லிமீட்டர் அமுக்க ஏறத்தாழ 20 கிலோ எடை தேவை. எனவே வட்டத்தில் அரை மில்லிமீட்டர் மேடு இருந்தாலே ஒவ்வொரு சுற்றிலும் 10 கிலோ அளவுக்கு விசை ஏறி இறங்குகிறது. மேலே சொன்ன 20 கிராமின் 3 கிலோவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேடு வரும்போது சக்கரம் ஒரு கணம் தாமதித்து, பள்ளத்தில் சற்று முந்துவதால் முன்னும் பின்னுமான இழுப்பும் பிறக்கிறது. வெயிட் ஒட்டி இதை ஈடுகட்ட முடியாது. வெயிட்டின் விசை வேகத்தோடு மாறும். மேட்டின் விசை அப்படி மாறுவதில்லை. ஒரு வேகத்தில் இரண்டையும் சமன்செய்தால் இன்னொரு வேகத்தில் உதறும்.

சில புதிய டயர்களில் சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் இருக்கும். மஞ்சள் புள்ளி டயரின் எடை குறைந்த இடம். அதை வால்வுக்கு நேராக வைப்பார்கள். சிவப்புப் புள்ளி டயர் அதிகம் உதைக்கும் இடம். அதை ரிம்மின் தாழ்வான இடத்தோடு பொருத்தினால் ஒன்றின் குறை மற்றதன் குறையை விழுங்கிவிடும். பெரிய கடைகள் சிலவற்றில் ரோடு ஃபோர்ஸ் எந்திரம் உண்டு. அது சாலை அழுத்துவதைப் போல ஓர் உருளையால் டயரை அழுத்திக்கொண்டே சுழற்றி, வட்டத்தின் பிசகையும் அளந்துவிடுகிறது.

பெரிய சக்கரம் எதை இழக்கிறது?

185/65 ஆர்15 டயரின் பக்கச்சுவர் 120 மில்லிமீட்டர் உயரம். 205/45 ஆர்17இல் அது 92 மில்லிமீட்டர். மொத்த விட்டம் ஏறக்குறைய மாறவில்லை. உலோகம் வளர்ந்த அளவுக்கு ரப்பரும் காற்றும் குறைந்திருக்கின்றன. குட்டையான பக்கச்சுவர் விறைப்பானது. அதே அரை மில்லிமீட்டர் மேடு இப்போது அதிக விசையைத் தரும். சாலைக் குழியில் இறங்கினால் ரிம்மே அடி வாங்கும். பெரும்பாலும் வளைவது உள்பக்க விளிம்பு. வெளியே நின்று பார்த்தால் வீல் பளபளவென்று குறையில்லாமல் தெரியும்.

அடுத்தது ஆஃப்செட், அதாவது வீல் ஹப்பில் பதியும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு. முன்சக்கரம் திரும்பும்போது ஓர் அச்சைச் சுற்றித் திரும்புகிறது. கதவைக் கீலுக்கு அருகில் தள்ளினால் கனக்கும், கைப்பிடிப் பக்கம் தள்ளினால் இலகுவாக நகரும் அல்லவா? சக்கரத்தின் மையமும் அந்த அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவு எளிதில் சிறு விசையும் ஸ்டியரிங்கைத் திருப்பும். ஆஃப்செட் குறைந்த வீல், பார்வைக்கு அகலமான நிலையைத் தருவதற்காகச் சக்கரத்தை வெளியே தள்ளுகிறது. கூடவே உதறலின் பிடியையும் நீளமாக்குகிறது.

இந்தக் கதையின் சாரம் இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்: பெரிய சக்கரம் குறைகளைப் புதிதாகப் படைப்பதைவிட, குறைகளை மன்னிக்கும் இடத்தைச் சுருக்குவதே அதிகம். தடித்த ரப்பர், இறுக்கமான நடுத்துளை, உள்ளே தள்ளி நிற்கும் மையம் என்று காரை வடிவமைத்தவர்கள் விட்டுவைத்த சலுகைகள் ஒவ்வொன்றாகப் போய்விடுகின்றன. பழைய சக்கரத்தில் யாருக்கும் தெரியாமல் இருந்த 20 கிராம் இப்போது கைக்கு வந்துசேர்கிறது.

வந்து வந்து போவது ஏன்?

ஒரு நிமிடம் உதறி, அடுத்த நிமிடம் அடங்கி, மறுபடி உதறும் கார்கள் உண்டு. மெக்கானிக் ஓட்டிப் பார்க்கும்போது ஒன்றுமே தெரியாது. இதற்கும் அழகான விளக்கம் இருக்கிறது. இரண்டு முன்சக்கரங்களிலும் சிறிது குறை இருந்தால், இடது சக்கரம் முன்னே இழுக்கும் அதே கணத்தில் வலதும் முன்னே இழுக்கும்போது, ஸ்டியரிங் கம்பிகளின் வழியே இரண்டும் ஒன்றையொன்று அடக்கிவிடும். ஒன்று முன்னேயும் மற்றது பின்னேயும் இழுத்தால் இரண்டும் கூட்டுச் சேர்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பும். நேர்கோட்டில் போகும்வரை இந்த உறவு மெதுவாகத்தான் மாறும். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். சக்கரங்களுக்கு நடுவே 1.5 மீட்டர் இருந்தால், செங்கோணத் திருப்பம் ஒன்றில் அது 2.36 மீட்டர் கூடுதலாக ஓடுகிறது. ஒரு முழுச் சுற்றுக்கும் மேல். எனவே ஒவ்வொரு வளைவும் இரண்டு சக்கரங்களின் உறவை மாற்றி அமைக்கிறது. ஒரே ஒருமுறை ஓட்டிப் பார்த்து காரில் குறையில்லை என்று சொல்லிவிட முடியாது.

எங்கிருந்து தொடங்குவது?

முதலில் உதறல் எங்கே தெரிகிறது என்று பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரம். இருக்கையில் தெரிந்தால் பின்சக்கரம். அதே வேகத்தில் வேறு கியருக்கு மாற்றியும் உதறல் மாறாவிட்டால் என்ஜின் குற்றவாளி அல்ல. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் கார் அசைந்து, காலை எடுத்ததும் நின்றால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க ஜாயின்ட்டைச் சந்தேகிக்கலாம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் வந்தால் டிஸ்க்கின் தடிமன் ஒரே சீராக இல்லை; 0.02 மில்லிமீட்டர் வேறுபாடே போதும். நட்டுகளை ஏற்றத்தாழ்வாக முடுக்குவது டிஸ்க்கைச் சற்றே சாய்த்து, நாளடைவில் இந்தக் குறையை வளர்க்கும். நீண்ட நாள் நிறுத்திய கார் முதல் இருபது நிமிடம் உதறிப் பின் சரியானால், டயர் தரையில் அழுந்திய இடம் சூடேறி உருண்டுகொள்கிறது என்று பொருள்.

அதிர்வை எண்ணவும் முடியும். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி, கைபேசியின் உணரியைக் கொண்டு அதிர்வெண்ணைக் காட்டுகிறது. பக்கத்தில் அமர்ந்திருப்பவர் அதை இயக்கட்டும். 90இல் அது 13ஐ ஒட்டிக் காட்டினால் சக்கரத்தோடு ஒரு சுற்றுக்கு ஒருமுறை வரும் குறை என்பது உறுதி.

பிறகு மிக வலிமையான சோதனை: பழைய சக்கரங்களை மாட்டி ஓட்டுவது. உதறல் போய்விட்டால் ஸ்டியரிங் ரேக், பால் ஜாயின்ட் எதையும் மாற்றத் தேவையில்லை. புதிய வீல்களின் நடுத்துளையையும் ஹப்பையும் அளந்து சரியான ரிங் போடுங்கள். ஹப்பின் முகத்திலுள்ள துருவையும் ரிம்மின் உள்ளே காய்ந்த சேற்றையும் நீக்குங்கள். நட்டின் அடிவடிவம் பொருந்துகிறதா என்று பாருங்கள். சக்கரத்தைத் தரையில் இறக்கும் முன் நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, படிப்படியாக முடுக்கி, இறுதியில் டார்க் ரென்ச்சால் கையேடு சொல்லும் அளவுக்கு நிறுத்துங்கள்; சிறிய கார்களில் அது பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். அதன்பின்னும் உதறினால், சக்கரத்தைக் கழற்றி எந்திரத்தில் மெதுவாகச் சுழலவிட்டு வட்டத்தையும் பக்கவாட்டு ஆட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பேலன்சிங் கடைசியில் வர வேண்டிய வேலை.

ஓர் எச்சரிக்கை. 30, 40 கிலோமீட்டரிலேயே சக்கரம் தள்ளாடினாலோ, உதறல் நாளுக்கு நாள் வளர்ந்தாலோ, டயரில் புடைப்பு தெரிந்தாலோ காரை நிறுத்திவிடுங்கள். நட்டு தளர்ந்திருக்கலாம், டயருக்குள் இருக்கும் எஃகுப் பட்டைகள் பிரிந்துகொண்டிருக்கலாம். 90இல் மட்டும் வந்து போகும் உதறலை நிதானமாக ஆராயலாம். எல்லா வேகத்திலும் வரும் உதறலோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.