ஈரத்தில் இறுகும் பால்

"உடைந்த பீங்கானைத் தங்கத்தை உருக்கி ஊற்றி ஒட்டுகிறார்களாமே, அந்தச் சூட்டில் கிண்ணம் வெடிக்காதா?" என்று திருச்சி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். ஜப்பானியரின் கின்ட்சுகியைத்தான் சொல்கிறார். அதில் தங்கம் எதையும் ஒட்டுவதில்லை. கடைசியில் தூவும் பொடி அது. ஒட்டுவது உருஷி மரத்தின் பால்.

தன்னம்பிக்கை மேடைகளில் கின்ட்சுகியைக் கேட்காதவர் இல்லை. ஆனால் அங்கே இந்தப் பாலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மா, முந்திரி, சேங்கொட்டை எல்லாம் இதற்கு உறவு. எங்கள் வீட்டு வேட்டிகளில் சலவைக்காரர் சேங்கொட்டைச் சாற்றால் போட்ட குறி, வேட்டி நைந்த பிறகும் அழியாது. உருஷியின் பிடிவாதமும் அப்படித்தான். பச்சையாகத் தோலில் பட்டால் கொப்புளம். இறுகிவிட்டால் அமிலத்துக்கும் அசையாது.

இது வெயிலில் காய்வதில்லை என்பதுதான் விந்தை. பாலில் உள்ள லாக்கேஸ் என்ற நொதி, காற்றின் ஆக்சிஜனை வாங்கி உருஷியோல் என்ற சேர்மத்தின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்னுகிறது. அந்த நொதி வேலை செய்ய ஈரம் வேண்டும். 70 முதல் 85 சதவீத ஈரப்பதம் நல்லது. அதனால் ஒட்டிய கிண்ணத்தை ஈரத்துணி விரித்த பெட்டிக்குள் வைத்து மூடுகிறார்கள். ஒட்டுவதற்கு மாவைத் தண்ணீரில் பிசைந்து, உருஷி கலந்து, உடைந்த விளிம்பில் மெல்லிசாகத் தடவுவார்கள். கொஞ்சம் தடித்தாலும் மேலே ஆடை கட்டி, உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். மெல்லிசாகத் தடவியது இறுகவே சில வாரங்கள். பிறகு மண்பொடி கலந்த உருஷியால் பள்ளத்தை நிரப்பித் தேய்த்து, மேலே கறுப்பு, சிவப்புப் பூச்சு. சிவப்பு இறுகுமுன் தங்கப்பொடி. எல்லாம் முடிய மாதங்கள் ஆகும்.

இன்று எபாக்சி பசையும் பொன்னிறப் பொடியும் போட்ட பெட்டி ஒரே மாலையில் இதை முடித்துத் தருகிறது. அதற்காகவே புதுக் கோப்பையைச் சுத்தியலால் உடைக்கிறவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. தானாக உடைந்ததற்குச் செய்கிற மரியாதை அல்லவா இது? அந்தப் பாலும் எளிதில் வருவதில்லை: பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த ஓர் உருஷி மரத்தை ஒரு பருவம் முழுக்கக் கீறினாலும் 200 கிராம் அளவுதான் பால் கிடைக்கும். ஜப்பானின் இவாதே மாகாணத்து ஜோபோஜியில் அதற்குப் பின் மரத்தை வெட்டிவிட்டு, வேரில் புதுத் துளிருக்குக் காத்திருக்கிறார்கள்.

வாசகிக்கு இன்னொன்று: பல எபாக்சி பசைகள் உணவுப் பாத்திரத்துக்கானவை அல்ல, அப்படி ஒட்டியதில் டீ குடிக்காதீர்கள். உருஷியால் ஒட்டி முழுக்க இறுகியதில் தாராளமாகக் குடிக்கலாம். மைக்ரோவேவில் மட்டும் வைக்காதீர்கள், கம்பி நாரால் தேய்க்காதீர்கள்.